தாம்பரம் எம்.சி.சி: ‘ஹாஸ்டல்’னு சொன்னா ஏன் திருத்துறாங்க? காட்டுக்குள் எழுந்த ஹால்களின் கதை

தாம்பரம் ரயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கி வேளச்சேரி சாலையைப் பிடித்தால், ஒரு பக்கம் செல்போன் கடை, பிரியாணிக் கடை, ‘ஆண்கள் பி.ஜி, ஏ.சி வசதி உண்டு’ என்று ஒட்டிய நோட்டீஸ்கள். இன்னொரு பக்கம் மதில் சுவர், சுவருக்கு மேலே மரங்கள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது சுமார் 365 ஏக்கர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று முழுப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் ஒரு நொடி யோசிப்பார். எம்.சி.சி என்றால் உடனே வண்டியைத் திருப்புவார்.

அங்கே படித்த ஒருவரிடம் “நீங்க எந்த ஹாஸ்டல்ல இருந்தீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். “ஹாஸ்டல் இல்லை, ஹால்” என்று திருத்திவிட்டுத்தான் பதில் சொல்வார். படித்து முடித்து 40 வருஷம் ஆனவர்களும் அப்படித்தான். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று ஆண்களுக்கு மூன்று. மார்ட்டின், மார்கரெட், பார்ன்ஸ் என்று பெண்களுக்கு மூன்று. தூங்கி எழுகிற ஒரு கட்டடத்தின் மேல் ஏன் இவ்வளவு ஒட்டுதல்? ஹாஸ்டலுக்கும் ஹாலுக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்? தாம்பரம் வளாகம் நூறு வயதை நெருங்கும் நேரத்தில் இந்தக் கட்டடங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு ஏதாவது இருக்கிறதா?

இதற்கெல்லாம் பதில் பாரிமுனையில் ஆரம்பிக்கிறது.

பாரிமுனையில் இருந்த கல்லூரி

ஸ்காட்லாந்துத் திருச்சபையின் மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837ல் ஜார்ஜ் டவுன் ஆர்மீனியன் தெருவில், வாடகை வீட்டில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். ஜெனரல் அசெம்பிளி பள்ளி என்று பெயர். தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பெரிய சிக்கல். தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த சிறுவர்கள் சிலரை ஆண்டர்சன் சேர்த்துக்கொண்டார். அவர்களைத் தனி பெஞ்சில் உட்காரவைக்க வேண்டும் என்றார்கள் மற்ற பிள்ளைகளின் பெற்றோர். ஆண்டர்சன் மறுத்தார். பலர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டு போனார்கள். பள்ளி பாதி காலியானாலும் பெஞ்ச் பிரிக்கப்படவில்லை.

இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். யார் பக்கத்தில் யார் உட்காருவது, யாரோடு யார் சாப்பிடுவது என்ற கேள்வி இந்தக் கதை முழுக்கத் திரும்பத் திரும்ப வரும்.

பிறகு பள்ளி எஸ்பிளனேடுக்கு, அதாவது இன்றைய உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம் உள்ள என்.எஸ்.சி. போஸ் சாலைக்கு மாறியது. 1862ல் வந்த வில்லியம் மில்லர்தான் அதைக் கல்லூரியாக வளர்த்தவர். 1877ல் ‘மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி’ என்ற பெயர் வந்தது. 1907 வரை மில்லர் முதல்வராக இருந்தார். மாணவர் தங்கிப் படிக்க விடுதிகள் கட்டியதும் அவர் காலத்தில்தான். தஞ்சாவூரிலிருந்தும் ஆந்திரப் பகுதிகளிலிருந்தும் மலபாரிலிருந்தும் வருகிற பையன் எங்கே தங்குவான், என்ன சாப்பிடுவான் என்பது அன்றைக்குப் பெரிய கேள்வி. மெட்ராஸில் அவனுக்கு உறவுக்காரர் வீடு இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் படிப்பே இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். டாக்டர் ராதாகிருஷ்ணன் எம்.சி.சி மாணவர் என்பது எல்லாருக்கும் தெரியும். தாம்பரம் மரத்தடியில் அவர் தத்துவம் படித்ததுபோல சிலர் எழுதுவார்கள். அது சரியில்லை. அவர் படித்த 1900-களின் முதல் பத்தாண்டில் கல்லூரி பாரிமுனையில்தான் இருந்தது. அப்போது தாம்பரம் ஒரு கிராமம்.

ஏன் தாம்பரம்?

பாரிமுனையில் கல்லூரி மூச்சு முட்டியது. ஒரு பக்கம் கோர்ட், இன்னொரு பக்கம் துறைமுகம், சுற்றிலும் மொத்த வியாபாரக் கடைகள். விளையாட மைதானம் கிடையாது. கூடுதலாக ஒரு விடுதி கட்ட இடம் கிடையாது. நகரத்தை விட்டு வெளியே போய், ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் வாழ்கிற கல்லூரியாக மாற்ற வேண்டும் என்ற பேச்சு முதல் உலகப் போர் முடிந்த கையோடு கிளம்பியது. ஆனால் இடம் கிடைத்து, பணம் சேர்ந்து, கட்டடம் எழும்ப இருபது வருஷம் ஓடிவிட்டது.

கிடைத்த இடம் சேலையூர் காப்புக்காடு. முள்ளும் புதரும் நிறைந்த பூமி. இன்றைக்குக் கிழக்குத் தாம்பரத்தில் அரை கிரவுண்டு விலையைக் கேட்டால் தலை சுற்றும். அன்றைக்கு ‘அங்கே யார் போய்ப் படிப்பான்’ என்று கேட்டிருப்பார்கள்.

அந்தக் கேள்விக்கு ரயில் பதில் சொன்னது. 1931ல் மெட்ராஸ் பீச் - தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. கோட்டையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தள்ளியிருந்த காடு, தினமும் போய் வரக்கூடிய தூரத்துக்கு வந்துவிட்டது. அந்த மீட்டர்கேஜ் மின்சார ரயில் மட்டும் வராமல் போயிருந்தால் கல்லூரி தாம்பரத்துக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். தென்சென்னைப் புறநகர் முழுக்கவே அந்த ரயில் பாதையின் பிள்ளை. குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம் என்று நீங்கள் சொல்கிற ஒவ்வொரு ஊரும் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு வளர்ந்ததுதான்.

1937 ஜனவரியில் தாம்பரம் வளாகம் முறைப்படி திறக்கப்பட்டது. திறந்து வைத்தவர் அன்றைய மெட்ராஸ் கவர்னர் எர்ஸ்கின் பிரபு. ஆர்மீனியன் தெரு வாடகை வீட்டிலிருந்து எண்ணினால் சரியாக 100 வருஷம்.

கட்டடங்களில் அப்படி என்ன இருக்கு?

வளாகத்தை வடிவமைத்தவர் ஹென்றி ஷேட்டி என்ற சுவிட்சர்லாந்துக்காரர். கொல்கத்தாவிலும் மெட்ராஸிலும் பிரிட்டிஷார் எழுப்பிய அலங்காரக் குவிமாடங்களையும் கோபுரங்களையும் எதிர்பார்த்து உள்ளே போனால் ஏமாற்றமாக இருக்கும். எழும்பூர் அருங்காட்சியகம் மாதிரியோ உயர் நீதிமன்றம் மாதிரியோ ‘என்னைப் பார்’ என்று நிற்கிற கட்டடம் இங்கே இல்லை. இங்கே இருப்பவை நீளமான, உயரம் குறைந்த கட்டடங்கள். வெயில் நேரடியாக அறைக்குள் விழாதபடி தாழ்வாரங்கள். நடுவில் திறந்த முற்றம். முக்கியக் கட்டடத்துக்கே மாணவர் பேச்சில் ‘குவாட்’ என்ற சொல் ஒட்டிக்கொண்டது அந்த முற்றத்தால்தான்.

நான்கு பக்கமும் கட்டடம், நடுவில் சதுர முற்றம் என்ற அமைப்பு இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளில் நடுக்காலத்திலிருந்தே உள்ளது. ஆக்ஸ்போர்டு மெர்ட்டன் கல்லூரியின் பழைய முற்றம் 14ஆம் நூற்றாண்டில் முடிந்தது. அங்கே முற்றம் குளிர் காற்றைத் தடுக்கவும், வாசலை அடைத்தால் எல்லாரும் உள்ளே என்ற காவலுக்கும் பயன்பட்டது. ஆனால் தமிழ்நாட்டுக்காரருக்கு இது வெளியூர்ச் சரக்கு இல்லை. முற்றமும் தாழ்வாரமும் வைத்த வீடு செட்டிநாட்டிலும் உண்டு, தஞ்சாவூர் அக்கிரகாரத்திலும் உண்டு, யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலும் உண்டு. முற்றத்துச் சூடான காற்று மேலே எழும்பிப் போகும், தாழ்வாரம் வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். மின்விசிறி இல்லாத காலத்து ஏ.சி இது. வெள்ளைக்காரர் ஆக்ஸ்போர்டை நினைத்துக் கட்டியது, தங்க வந்த பையனுக்குத் தாத்தா வீட்டு முற்றமாகத் தெரிந்திருக்கும்.

இந்த அமைப்பால் இன்னொரு விளைவும் உண்டு. லிஃப்ட் வைத்த எட்டு மாடி விடுதியில் பக்கத்து அறைக்காரன் பெயர் தெரியாமலே மூன்று வருஷம் முடித்துவிடலாம். முற்றம் வைத்த கட்டடத்தில் அது நடக்காது. பல் தேய்க்க வந்தாலும், சாப்பிடப் போனாலும், துணி காயப்போட்டாலும் நான்கு பக்கத்திலிருந்தும் யாராவது பார்ப்பார்கள், கூப்பிடுவார்கள், வம்பு இழுப்பார்கள். ஹாலில் இருந்தவர்களுக்குப் பழக்கமும் சண்டையும் நட்பும் இவ்வளவு சீக்கிரம் ஏற்படுவதில் கட்டட வரைபடத்துக்கும் பங்கு இருக்கிறது.

ஆண்டர்சன் பெயரில் அரங்கம், மில்லர் பெயரில் நூலகம். இவற்றைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. கல்லூரிக்குக் கல்லூரி நிறுவனர் பெயரில் ஓர் அரங்கம் இருக்கத்தான் செய்யும். சுவாரஸ்யம் ஹால்களின் பெயர்களில் இருக்கிறது.

மூன்று பெயர், மூன்று கதை

சேலையூர் ஹால் என்பது ஊர்ப் பெயர். காட்டைக் கொடுத்த கிராமத்தின் பெயரை விடுதிக்கு வைத்தார்கள். வெளிநாட்டு மிஷனரிகள் கட்டிய கல்லூரியில், எந்தத் துரையின் பெயரும் இல்லாமல் உள்ளூர்ப் பெயர் தாங்கி நிற்கிறது என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

செயின்ட் தாமஸ் ஹால், இயேசுவின் சீடர் தோமாவின் பெயர். அவர் இந்தியாவுக்கு வந்தார், மெட்ராஸில் உயிர்விட்டார் என்பது கிறிஸ்தவர்களின் மரபு நம்பிக்கை. தாம்பரத்திலிருந்து அதே மின்சார ரயிலில் கடற்கரைப் பக்கம் போனால் பரங்கிமலை வரும். அந்த மலைக்கு ஆங்கிலத்தில் அவர் பெயர்தான்.

மூன்றாவது பெயரில்தான் நீண்ட கதை. ரெஜினால்ட் ஹீபர் கல்கத்தாவின் ஆங்கிலிகன் பிஷப். பாடலாசிரியராகவும் பெயர் பெற்றவர். தெற்கே சுற்றுப்பயணம் வந்தவர், 1826 ஏப்ரல் 3ஆம் தேதி திருச்சியில் வெயிலில் அலைந்து களைத்து, குளிக்கப் போனார். குளியல் தொட்டித் தண்ணீரிலேயே இறந்து கிடந்தார். வயது 42. திருச்சி செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பிற்பாடு திருச்சியில் அவர் பெயரில் ஒரு கல்லூரி நடந்தது. 1930-களில் அது மூடப்பட்டது. அந்தப் பெயர் தாம்பரத்துக்கு வந்து பிஷப் ஹீபர் ஹாலாக நின்றது. கல்லூரி செத்து, விடுதியாகப் பிறந்தது என்று வைத்துக்கொள்ளலாம். 1960-களில் திருச்சியில் மறுபடியும் பிஷப் ஹீபர் கல்லூரி தொடங்கப்பட்டது. இன்றைக்கு இரண்டு ஊரிலும் ஹீபர் இருக்கிறார். புத்தூர்ப் பக்கம் ‘ஹீபர்’ என்றால் கல்லூரி, தாம்பரத்தில் ‘ஹீபர்’ என்றால் ஹால்.

பெண்கள் ஹால்கள் பின்னால் வந்தவை. 1915லேயே மெட்ராஸில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி தொடங்கிவிட்டதால், தாம்பரம் வெகுகாலம் ஆண்கள் கூட்டமாகவே இருந்தது. பெப்சிகோவின் தலைவராக இருந்த இந்திரா நூயி 1974ல் வேதியியல் பட்டம் வாங்கியது இதே கல்லூரியில்தான். மூன்று ஆண்கள் ஹால்களின் பெயர் மட்டுமே வெளியில் பிரபலமாக இருப்பதற்கு, அவை மூத்தவை என்பதைத் தவிர வேறு நியாயம் இல்லை.

உலகம் வந்து தங்கிய டிசம்பர்

தாம்பரம் என்ற பெயர் உலகக் கிறிஸ்தவ வரலாற்றுப் புத்தகங்களில் ஒரு தலைப்பாகவே இருக்கிறது. தாம்பரத்துக்காரர்களில் பலருக்கு இது தெரியாது.

1938 டிசம்பரில் சர்வதேச மிஷனரி கவுன்சில் மாநாடு சீனாவின் ஹாங்சௌ நகரத்தில் நடப்பதாக இருந்தது. ஜப்பான் சீனாவின் மேல் படையெடுத்ததால் அது முடியாமல் போனது. மாற்று இடம் தேடியவர்கள் கண்ணில் பட்டது, திறந்து இரண்டு வருஷம்கூட ஆகாத எம்.சி.சி வளாகம். பெரிய அரங்கம், நூற்றுக்கணக்கானவர் தங்க விடுதி அறைகள், சாப்பாட்டுக் கூடங்கள், கிறிஸ்துமஸ் விடுமுறையில் மாணவரும் இல்லை. வேறென்ன வேண்டும்? ஏறத்தாழ 70 நாடுகளிலிருந்து சுமார் 470 பிரதிநிதிகள் வந்து இரண்டு வாரத்துக்கும் மேல் தங்கினார்கள்.

அதுவரை இப்படிப்பட்ட மாநாடுகளில் ஐரோப்பியரும் அமெரிக்கரும்தான் பெரும்பான்மை. தாம்பரத்தில் ஆசிய, ஆப்பிரிக்கப் பிரதிநிதிகள் சம அளவுக்கு உட்கார்ந்தார்கள். தலைமை வகித்தவர் அமெரிக்கரான ஜான் மாட். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களில் ஒருவர் ஆல்பர்ட் லுத்துலி. மாட் 1946ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவரான லுத்துலிக்கு 1960ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் கிடைத்தது. தன் சொந்த நாட்டில் வெள்ளையரோடு ஒரே மேசையில் உட்கார முடியாத ஒரு மனிதர், தாம்பரத்தில் உலகத்தின் பல நிறத்தவரோடு சேர்ந்து உட்கார்ந்தார். மற்ற மதங்களைக் கிறிஸ்தவம் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அங்கே நடந்த வாதத்தை இறையியல் மாணவர்கள் இன்றும் ‘தாம்பரம் விவாதம்’ என்ற பெயரில் படிக்கிறார்கள்.

அது முடிந்த பத்தாவது மாதம் இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கே ஒன்றாகத் தங்கிய பலருடைய நாடுகள் எதிரெதிர் அணியில் நின்றன.

சரி, ஹாலுக்கும் ஹாஸ்டலுக்கும் என்ன வித்தியாசம்?

சுருக்கமாகச் சொன்னால், ஹாஸ்டல் என்பது இடம், ஹால் என்பது அமைப்பு. ஹாலின் வார்டன் ஒரு பேராசிரியர், வளாகத்திலேயே குடியிருப்பவர். ஹாலுக்கென்று மாணவர் நிர்வாகம், விழா, அணி, பழக்கவழக்கம். விளையாட்டிலும் கலைநிகழ்ச்சியிலும் போட்டி ஹாலுக்கும் ஹாலுக்கும்தான். ‘எந்தத் துறை’ என்று கேட்பதற்கு முன்னால் ‘எந்த ஹால்’ என்று கேட்பது இதனால்தான். தமிழ்நாட்டில் இதற்கு ஒப்பாகச் சொல்லக்கூடியது மதுரை அமெரிக்கன் கல்லூரி. அங்கேயும் வாஷ்பர்ன், ஜும்ப்ரோ என்று விடுதிகளுக்குத் தனிப் பெயரும் தனிப் பெருமையும் உண்டு.

இதில் உண்மையான கனம் எங்கே இருக்கிறது என்றால், சாப்பாட்டு மேசையில். 1920-களின் தமிழ்நாட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி போட்டது வெளியே தெரிந்து, 1924-25ல் மாகாணமே கொந்தளித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதை எதிர்த்துக் கிளம்பினார்கள். காங்கிரஸை விட்டுப் பெரியார் விலகியதற்கான காரணங்களில் அதுவும் ஒன்று. தேசியக் கல்வி தர வந்த குருகுலத்திலேயே அந்த நிலை என்றால், மற்ற விடுதிகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. சாதிக்கு ஒரு விடுதி, விடுதிக்குள் சாதிக்கு ஒரு சமையல் என்பது அன்றைக்குச் சர்வசாதாரணம்.

அந்தச் சண்டை அடங்கிய பத்துப் பன்னிரண்டு வருஷத்தில், பல மதம், பல மொழி, பல சாதிப் பையன்கள் ஒரே முற்றத்தைச் சுற்றி வாழும்படியாக ஹால்கள் திறந்தன. ஒரே கூரையின் கீழ் வாழ்ந்ததால் சாதி ஒழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மனிதன் மூட்டையோடு சாதியையும் தூக்கிக்கொண்டுதான் விடுதிக்கு வருகிறான். ஆனால் தனி பெஞ்ச் கேட்டு வெளியேறிய 1838ன் பெற்றோரையும், 1937ல் திறந்த சாப்பாட்டுக் கூடத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் நடுவில் கடந்த தூரம் தெரியும்.

ஹால் பாசத்துக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. ‘நம்ம விடுதி, நம்ம மரபு’ என்பது எந்த ஊரிலும், எந்தக் கல்லூரியிலும் சீனியர் - ஜூனியர் அதிகாரமாகத் திரும்பக்கூடியது. சிதம்பரத்தில் 1996ல் ஒரு மருத்துவக் கல்லூரி விடுதியில் முதலாமாண்டு மாணவர் கொலை செய்யப்பட்டது தமிழ்நாட்டையே உலுக்கியது. அதன் விளைவாக வந்ததுதான் 1997ன் ராகிங் தடைச் சட்டம். நாட்டுக்கே முன்னோடியாகத் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டம் அது. விடுதி மரபைப் பற்றி நெகிழ்ந்து பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

காட்டை வளர்த்த வேதியியல் வாத்தியார்

கட்டடம் பற்றிப் பேசினால் மரத்தைப் பற்றிப் பேசாமல் முடியாது. எட்வர்ட் பார்ன்ஸ் என்பவர் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர். மனசெல்லாம் தாவரவியல். தென்னிந்திய மலைகளில் செடி சேகரித்தவர். ஒரு காட்டுச் சேம்பு வகைத் தாவரத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அவரும் மனைவி ஆலிஸும் சேர்ந்துதான் புதிய வளாகத்தில் மரம் நட்டு, இருந்த புதர்க்காட்டையும் காத்தார்கள். வளாகத்துப் பாதைகளில் இன்றைக்குக் கிடைக்கிற நிழலில் பெரும்பங்கு அவர்கள் போட்டது. அவர்கள் குடும்பப் பெயரைத்தான் பெண்கள் ஹால் ஒன்றில் பார்க்கிறோம்.

அவருக்கு ஒரு தலைமுறை தள்ளி வந்தவர் கிஃப்ட் சிரோன்மணி. புள்ளியியல் பேராசிரியர். வளாகத்து மரங்களையும் பறவைகளையும் பற்றி எழுதினார். பழந்தமிழ்க் கல்வெட்டு எழுத்துகளைக் கணினி வாசிக்கச் செய்ய முயன்றார். அவரும் ராணி சிரோன்மணியும் கமலா கிருத்திவாசனும் வாசலில் போடும் கோலத்துக்குள் இருக்கும் கணித இலக்கணத்தை 1970-களில் ஆராய்ச்சிக் கட்டுரையாக்கினார்கள். கோலம் பற்றி உலகத்தில் எங்கே கணினிக் கட்டுரை வந்தாலும் தாம்பரத்தைத் தொடாமல் போகாது. காட்டுக்குள் கல்லூரி இருந்ததால் இதெல்லாம் நடந்தது என்று நேராகச் சொல்ல முடியாது. ஆனால் வேதியியல் வாத்தியார் செடி பார்ப்பதற்கும், புள்ளியியல் வாத்தியார் கோலம் பார்ப்பதற்கும் நேரமும் இடமும் அங்கே இருந்தது.

இந்தக் காட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது ஊர் வேலை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரிகளின் உபரி நீர் ஒன்றிலிருந்து ஒன்றாக வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிப் போகிற பகுதி இது. சுற்றிலும் எல்லாம் கான்கிரீட்டாக மாறிய பிறகு, மழைநீர் மண்ணுக்குள் இறங்க மிச்சம் இருக்கிற பெரிய நிலப்பரப்புகளில் ஒன்று கல்லூரி வளாகம். 2015 டிசம்பரில் முடிச்சூரில் படகு விட்டதைப் பார்த்த தாம்பரத்துக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

பாதுகாப்பு இருக்கா, இல்லையா?

இப்போது கடைசிக் கேள்வி. 1958ன் மத்தியச் சட்டப்படி ஒரு கட்டடம் பழங்காலச் சின்னமாக அறிவிக்கப்பட வேண்டுமென்றால் குறைந்தது 100 வயது ஆகியிருக்க வேண்டும். தாம்பரம் கட்டடங்களுக்கு அந்த வயது 2037ல்தான் வரும். வயது வந்தாலும் தானாக அறிவிப்பு வந்துவிடாது. அந்தச் சட்டம் கோயில், கோட்டை, கல்வெட்டு என்று அரசின் பொறுப்பில் எடுப்பவற்றுக்கானது. மாணவர் குடியிருக்கிற, தினமும் சமைக்கிற, குழாய் மாற்றுகிற கட்டடத்துக்கு அது பொருந்தாத சட்டை.

‘பாரம்பரியக் கட்டடம்’ என்பது வேறு வகை. அண்ணா சாலையில் 1897ல் கட்டிய பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கப் பார்த்தபோது தொடரப்பட்ட வழக்கில், 2010ல் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. நகரின் பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிடும் வேலையும், சி.எம்.டி.ஏ-வின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவும் அதன் பிறகுதான் சூடுபிடித்தன. 2012ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. நிறைவேறிய சட்டம் நடைமுறைக்கு வரப் பத்து வருஷத்துக்கும் மேல் காத்திருந்தது என்பது தனிக் கதை. இந்தப் பேச்சு முழுக்கப் பழைய மெட்ராஸைச் சுற்றியே நடந்தது என்பதுதான் இங்கே முக்கியம். புறநகருக்கும் வரலாறு உண்டு என்ற நினைப்பு நமக்குத் தாமதமாகத்தான் வருகிறது. தாம்பரமே மாநகராட்சி ஆனது 2021ல்தான்.

ஆகவே நடைமுறையில் இந்த ஹால்களைக் காப்பது கல்லூரி நிர்வாகத்தின் மனமும், பழைய மாணவர்களின் பாசமும், பராமரிப்புக்குக் கிடைக்கிற பணமும்தான். மூன்றில் எது குறைந்தாலும் சிக்கல். இடமோ பொன் விளையும் இடம். மாணவர் எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே போகிறது. இரண்டு மாடிக் கட்டடம் நிற்கிற இடத்தில் எட்டு மாடி எழுப்பினால் நான்கு மடங்கு பேர் தங்கலாம் என்ற கணக்கை எந்தக் கல்லூரி நிர்வாகமும் போட்டுப் பார்க்காமல் இருக்காது. அந்தக் கணக்கைக் கெட்ட கணக்கு என்றும் ஒதுக்கிவிட முடியாது. வெளியே பி.ஜி-யில் ஒரு கட்டிலுக்கு மாதாமாதம் கட்டுகிற பணத்தை, திருவண்ணாமலையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளையின் வீட்டால் தர முடியாது. வளாகத்துக்குள் ஒரு அறை கூடுதலாகக் கிடைத்தால் ஒரு பட்டம் கூடுதலாகக் கிடைக்கும். பழைய கட்டடத்தைக் காக்கச் சொல்கிறவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். பழைய ஹால்களைத் தொடாமல், வளாகத்திலேயே காடு அழியாத இடத்தில் புதிய விடுதி கட்டுவது ஒரு வழி. செலவு கூடும், ஆனால் முடியாத காரியம் இல்லை.

இடிப்பதைவிட அமைதியான ஆபத்து ஒன்று இருக்கிறது. தவறான ரிப்பேர். சென்னையின் பழைய கட்டடங்கள் பலவற்றில் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழுந்தது. மேல்தளம் ‘மெட்ராஸ் டெரஸ்’ முறை. அதாவது மரக்கட்டைகளுக்கு மேல் மெல்லிய செங்கற்களை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுத் தட்டி, மேலே தட்டோடு பதிப்பது. சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். இரண்டு மழைக்காலத்தில் உப்புப் பூத்துப் பூச்சு பொரிந்து கொட்டும். “பழசு, அப்படித்தான் இருக்கும், இடிச்சிடலாம்” என்ற முடிவுக்கு வருவது அதன் பிறகு ரொம்பச் சுலபம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது இன்றைக்குக் குதிரைக்கொம்பு. கிடைத்தாலும், சிமென்ட் வேலையைவிடக் கூலியும் கூடும், நாளும் கூடும். செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பிக்கிற வேலை நடப்பதால் அந்தக் கைவேலை இன்னும் முழுசாக அழியாமல் இருக்கிறது.

பார்க்கப் போகலாமா?

இது சுற்றுலாத் தலம் இல்லை, நடக்கிற கல்லூரி. வாசலில் அனுமதி வாங்கித்தான் உள்ளே போக முடியும். ஹால்களுக்குள், முக்கியமாகப் பெண்கள் ஹால்களுக்குள், வெளியாட்கள் நுழைய முடியாது. பழைய மாணவர் யாராவது தெரிந்தவர் இருந்தால் அவரோடு போவது நல்லது. எந்த ஹால்காரர் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு ஹால்களைப் பற்றி அவர் சொல்கிற எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பாரிமுனைக் காலத்தின் மிச்சத்தைப் பார்க்க அனுமதிச் சிக்கல் இல்லை. உயர் நீதிமன்றத்துக்கு எதிரே என்.எஸ்.சி. போஸ் சாலையில், கடைகளுக்கும் நடைபாதை வியாபாரத்துக்கும் நடுவே ஆண்டர்சன் பெயரில் ஒரு தேவாலயம் நிற்கிறது. தாம்பரத்தில் ஏறினால் கோட்டை ஸ்டேஷனிலோ கடற்கரை ஸ்டேஷனிலோ இறங்கி நடந்துவிடலாம். கல்லூரியைக் காட்டுக்குக் கொண்டுவந்த அதே ரயில் பாதைதான்.